அழிந்த மண்டபங்களின் ஓசை: கணினி மாதிரிகளின் துல்லியமும் யாழ்ப்பாண வரலாற்றியலும்

1. பிரச்சினை

கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, நாணயம், கட்டடம் என வரலாற்றாசிரியர் கையாளும் சான்றுகள் யாவும் பெரும்பாலும் கண்ணால் காணத்தக்கவை. காதால் கேட்கப்பட்டவை சான்றாக எஞ்சுவதில்லை. ஒரு மண்டபத்தில் ஓதப்பட்ட பாடலின் சொற்களை ஏடு காத்துத் தரலாம். அச்சொற்கள் அம்மண்டபத்தின் சுவர்களிலே தெறித்து எவ்வாறு ஒலித்தன என்பதை எந்த ஏடும் காத்துத் தருவதில்லை. ஒலிப்பதிவுக் கருவி பரவலாகும் முன்னர் அழிந்துபோன கட்டடங்களைப் பொறுத்தவரையில் அவற்றின் ஓசை அவற்றோடு அழிந்துவிட்டது என்றே நீண்ட காலமாகக் கருதப்பட்டது.

இந்நிலையைக் கணினி மாற்றியுள்ளது. ஒரு மண்டபத்தின் வடிவத்தையும் அதன் சுவர், தளம், கூரை ஆகியவற்றின் இயல்பையும் எண்களாகத் தந்தால், அம்மண்டபத்திலே ஒரு குரல் எவ்வாறு ஒலிக்கும் என்பதைக் கணித்துச் செவியிலே கேட்கச் செய்யும் நிரல்கள் இன்று உள்ளன. அவ்வாறாயின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே போரினாலும் காலத்தினாலும் அழிந்த கட்டடங்களின் ஓசையை மீட்க முடியுமா? மீட்டதாகக் கூறப்படும் ஓசையை எந்த அளவுக்கு நம்பலாம்?

இவ்வினாக்களுக்கு இருவகையான அவசர விடைகள் உண்டு. கணினி கூறியது என்பதாலேயே அதனைச் சான்றாக ஏற்பது ஒன்று. பொறியின் விளையாட்டு எனத் தள்ளிவிடுவது மற்றொன்று. இரண்டும் ஆய்வு நெறிக்குப் புறம்பானவை. கணினி மாதிரியின் துல்லியத்தை முடிவுசெய்வது கணிதம் மட்டுமன்று. அதற்கு நாம் ஊட்டும் வரலாற்றுச் சான்றின் தரமே அதனைப் பெரிதும் முடிவுசெய்கின்றது என்பதை யாழ்ப்பாணத்து எடுத்துக்காட்டுகளைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சபீன் முதல் கணினி வரை

மண்டப ஒலியியல் ஓர் அளவறி விஞ்ஞானமாக உருப்பெற்றது 1895ஆம் ஆண்டிலே தொடங்கிய ஒரு முயற்சியினாலாகும். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் பொக் அரும்பொருளகத்தில் புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரை மண்டபத்திலே பேசுவோரின் சொற்கள் விளங்கவில்லை. ஒரு சொல்லின் முழக்கம் ஏறத்தாழ ஐந்தரைச் செக்கன் நீடித்தமையால், பின்வந்த சொற்கள் அதனுள் அமிழ்ந்து போயின. இக்குறையை நீக்கும் பொறுப்பு வாலஸ் சபீன் என்னும் இளம் பௌதிகவியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அயலிலிருந்த சான்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களிலே கொண்டுவந்து மண்டபத்திற் பரப்பி, ஓர் ஓகன் குழாயை ஒலிக்கச் செய்து, ஒலி தேய்ந்து மறையும் நேரத்தைத் தம் செவியாலும் நிறுத்தற் கடிகாரத்தாலும் அளந்தார். அதன் பயனாகக் கிடைத்த விதி எளிமையானது. எதிர்முழக்க நேரம் மண்டபத்தின் கனவளவுக்கு நேர்விகிதமாகவும், அதிலுள்ள மொத்த ஒலி உறிஞ்சலுக்கு நேர்மாறு விகிதமாகவும் அமையும். மீற்றர் அலகிலே கூறின், கனவளவை 0.161 ஆற் பெருக்கி உறிஞ்சற் பரப்பால் வகுத்தால், ஒலிமட்டம் 60 டெசிபெல் வீழ்வதற்கு ஆகும் நேரம் செக்கனிற் கிடைக்கும். இவ்விதியின் துணையுடன் திட்டமிடப்பட்ட பொஸ்ரன் இசை மண்டபம் 1900ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. சிறந்த இசை மண்டபங்களுள் ஒன்றாக அது இன்றும் கருதப்படுகின்றது.

எனினும் ஒலி ஒரு கதிரன்று, அலை என்னும் உண்மை அடிக்கடி நினைவூட்டப்பட வேண்டியிருந்தது. இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் குவிமாடத்திலே ஒரு புறத்திற் கிசுகிசுத்த சொல் எதிர்ப்புறத்திற் கேட்கும் விந்தையை இராலே பிரபு அலைக் கொள்கையினால் விளக்கினார். சி. வி. இராமன் 1921இல் அப்பேராலயத்திலேயே சோதனை நடத்தி, இராலேயின் விளக்கத்துள் முற்றாக அடங்காத நுட்பங்களைச் சுட்டிக் காட்டினார். பின்னர் பீசப்பூரின் கோல் கும்பாஸ் உள்ளிட்ட இந்தியக் கட்டடங்களையும் ஆராய்ந்தார். கொள்கை எத்துணைச் சிறந்ததாயினும் கட்டடத்தின் உள்ளே சென்று கேட்டு அளப்பதற்கு அது ஈடாகாது என்பது இவ்வாய்வுகள் தரும் படிப்பினையாகும்.

கணினியின் வருகைக்கு உடனடிப் பின்னணியாக அமைந்தது ஒரு தோல்வி எனலாம். 1962இல் நியூயோர்க்கிலே திறக்கப்பட்ட பில்ஹார்மொனிக் மண்டபம், அக்காலத்தின் சிறந்த ஒலியியல் அறிவுடன் திட்டமிடப்பட்டிருந்தும் இசைவாணரின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பல திருத்தங்கள் பயனளிக்காமற்போக, 1976இல் அதன் உட்புறம் முற்றாக இடிக்கப்பட்டு மீளக் கட்டப்பட்டது. எதிர்முழக்க நேரம் என்ற ஒரேயோர் எண் மண்டபத்தின் முழு இயல்பையும் கூறிவிடாது என்பது தெளிவாயிற்று. ஒவ்வொரு தெறிப்பும் எப்போது, எத்திசையிலிருந்து, எவ்வளவு வலிமையுடன் செவியை அடைகின்றது என்பதை அறிய வேண்டியதாயிற்று. இத்தகைய கணிப்பு மனிதக் கைக்கு அடங்காதது. 1968இல் நோர்வே நாட்டின் குறொக்ஸ்ராட், ஸ்ட்ரோம், சோர்ஸ்டால் ஆகிய மூவர், ஒலியைப் பல்லாயிரம் கதிர்களாகப் பாவித்து அவை சுவர்களிற் பட்டுத் தெறிக்கும் வழியைக் கணினியாற் பின்தொடரும் முறையை வெளியிட்டனர். 1979இல் அலன், பேர்க்லி ஆகியோர் சுவரைக் கண்ணாடியாகக் கருதி ஒலிமூலத்தின் விம்பங்களைக் கணிக்கும் முறையை விரித்துரைத்தனர். இன்றைய நிரல்களுட் பெரும்பாலானவை இவ்விரு முறைகளின் வழித்தோன்றல்களே.

3. துல்லியம் சோதிக்கப்பட்ட வரலாறு

நிரலை ஆக்கியவரே அதனைச் சரியெனக் கூறுவது சான்றாகாது. ஒரே மண்டபத்தைப் பலரும் தத்தம் நிரல்களாற் கணிக்க, அம்மண்டபத்திலே உண்மையில் எடுத்த அளவீடுகளுடன் அவற்றை ஒப்பிடும் பொதுச் சோதனை அவசியமாயிற்று. ஜேர்மனியின் பிறவுன்சுவைக் நகரிலுள்ள பௌதிக-தொழில்நுட்பக் கூட்டாட்சி நிறுவனத்தின் விரிவுரை மண்டபத்தைக் கொண்டு நடைபெற்ற முதலாவது சோதனையின் பேறுகளை மைக்கேல் வொர்லாண்டர் 1995இல் வெளியிட்டார். முதற்கட்டத்திலே பங்குபற்றியோருக்குக் கட்டடத்தின் வரைபடமும் பொருள்களின் விவரிப்புமே தரப்பட்டன. சுவரும் திரையும் எவ்வளவு ஒலியை உறிஞ்சும் என்பதை அவரவரே மதிப்பிட வேண்டியிருந்தது. விடைகள் பெரிதும் வேறுபட்டன. இரண்டாங் கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே உறிஞ்சற் குணகங்கள் தரப்பட்டபோது வேறுபாடு குறைந்ததேயன்றி நீங்கவில்லை. மூன்று நிரல்கள் மட்டுமே ஐயத்துக்கிடமின்றி நம்பத்தக்கன என்பது அவ்வாய்வின் முடிவு. தெறிப்பைக் கண்ணாடித் தெறிப்பாக மட்டும் கொள்ளாது, கரடுமுரடான பரப்பிலே ஒலி சிதறுவதையும் கணக்கிற் கொண்டவையே சிறந்து விளங்கின.

அதன் பின்னர் சுவீடனின் யொன்சோப்பிங் நகர மண்டபம் ஒன்றைக் கொண்டும், சிறிய இசைக்கூடம் ஒன்றைக் கொண்டும் மேலும் இரு சோதனைகள் நிகழ்ந்தன. 2019இல் பிறிங்மன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, எண்களை ஒப்பிடுவதோடு நில்லாது மனிதச் செவியையும் நடுவராக்கியது. அதன் முடிவு எமக்கு மிக முக்கியமானது. கணினி எழுப்பிய ஓசை பெரும்பாலும் நம்பத்தகுந்ததாகத் தோன்றியது. ஆயினும் அதே மண்டபத்தில் அளந்தெடுத்த ஓசைக்கு அருகே வைத்துக் கேட்டபோது வேறுபாடு எப்போதும் தெளிவாகப் புலப்பட்டது. அதாவது நம்பத்தகுந்தது வேறு, அசலானது வேறு.

அவ்வாய்வு சுட்டிய காரணங்களுள் இரண்டை மனங்கொள்ளல் வேண்டும். ஒன்று, பொருள்களின் உறிஞ்சலையும் சிதறலையும் எளிமையான சராசரி எண்களாற் குறித்தல். மற்றையது, ஒலி ஒரு தடையின் விளிம்பைச் சுற்றி வளைந்து செல்லும் இயல்பைப் போதியவாறு கணிக்காமை. இவ்வியல்பைப் பௌதிக நூல்கள் கோணல் என வழங்கும். 30 பாகை வெப்பமுள்ள எமது சூழலில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் செல்லும். அவ்வாறாயின் 100 ஹேர்ட்சு மீடிறனுள்ள ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மீற்றர். 1000 ஹேர்ட்சில் அது 35 சென்ரிமீற்றர். அரை மீற்றர் அகலமுள்ள ஒரு தூணுக்கு முன்னே உயர்ந்த சுரம் ஒரு கதிர்போல நடந்துகொள்ளலாம். தவிலின் தொப்பி எழுப்பும் தாழ்ந்த முழக்கமோ அத்தூண் இல்லாததுபோற் சுற்றிச் செல்லும். ஆகவே கதிர் முறை நடுத்தர மீடிறன்களிலே நன்கு பொருந்தித் தாழ்ந்த மீடிறன்களிலே தவறுவது வியப்பன்று.

4. கோட்டைக்குள் இருந்த தேவாலயம்

இப்பின்னணியிலே யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் வென்று, ஐங்கோண வடிவிலே மீளக் கட்டினர். அக்கோட்டைக்குள் 1706ஆம் ஆண்டு எழுந்தது ‘குறொய்ஸ் கேர்க்’ எனப்பட்ட சிலுவைத் தேவாலயம். நான்கு கைகளும் சமமான கிரேக்கச் சிலுவை வடிவ நிலப்படமும், தடித்த சுவர்களும், தளத்திற் பதிக்கப்பட்ட கல்லறைக் கற்களும் கொண்ட அக்கட்டடம் இலங்கையின் ஒல்லாந்தக் கட்டடக்கலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்கிற்று. 1990களின் போரிலே அது அழிந்தது. கோட்டையின் மதில்கள் பின்னர் ஓரளவு புனரமைக்கப்பட்டன. தேவாலயம் நின்ற இடத்தில் இடிபாடுகளே எஞ்சின.

அத்தேவாலயத்தினுள் ஒலி எவ்வாறு இருந்தது என்பதை மாதிரியாக்க விரும்பும் ஆய்வாளரிடம் என்ன உண்டு? கோட்டையின் பழைய வரைபடங்கள் நெதர்லாந்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அழிவுக்கு முற்பட்ட புகைப்படங்கள் உள்ளன. இடிபாட்டின் கற்களை இன்றும் தொட்டுப் பார்க்கலாம். வடிவத்தைப் பொறுத்தவரையில் இவை போதியவையாக அமையக்கூடும். ஆனால் சுவரின் மேற்பூச்சு எத்தகையது, கூரையின் உட்புறம் எவ்வாறு மூடப்பட்டிருந்தது, இருக்கைகள் எத்தனை, திரைகள் இருந்தனவா என்பன வேறு வகையான வினாக்கள்.

இவ்வினாக்களின் நிறையை ஒரு கற்பனைக் கணக்கினால் விளக்குவோம். பின்வரும் எண்கள் எந்தவொரு குறித்த கட்டடத்துக்கும் உரியனவல்ல. 2000 கன மீற்றர் கனவளவுள்ள ஒரு மண்டபத்திலே 1000 சதுர மீற்றர் சுண்ணாம்புச் சாந்துப் பரப்பும், தளம், கூரை, பலகைகள் ஆகியவற்றாற் கிடைக்கும் 60 சதுர மீற்றர் உறிஞ்சலும் உள்ளன எனக் கொள்வோம். சாந்தின் உறிஞ்சற் குணகம் 0.02 எனின் மொத்த உறிஞ்சல் 80. எதிர்முழக்க நேரம் 4.0 செக்கன். குணகம் 0.04 எனின் மொத்தம் 100, நேரம் 3.2 செக்கன். இரண்டாம் தசமத் தானத்திலுள்ள ஓர் ஐயம் விடையை ஐந்திலொரு பங்கு மாற்றிவிடுகின்றது. எதிர்முழக்க நேரத்திலே நூற்றுக்கு ஐந்து அளவான மாற்றத்தையே மனிதச் செவி உணரும் என்பது ஒலியியலாளர் பொதுவாக ஏற்றுக்கொண்ட வரையறை. இனி, அதே மண்டபத்தில் 150 பேர் வந்தமர்கின்றனர் எனவும் ஒவ்வொருவரும் அரைச் சதுர மீற்றர் அளவுக்கு ஒலியை உறிஞ்சுவர் எனவும் கொள்வோம். நேரங்கள் முறையே 2.1, 1.8 செக்கன்களாகக் குறைகின்றன. மண்டபத்தின் ஓசையை ஏறத்தாழ இருமடங்கு மாற்றியவர்கள் கட்டடக் கலைஞரல்லர். அங்கு வந்திருந்த மனிதர்.

இது எளிய கணக்காயினும் இதன் உட்பொருள் பெரிது. கணினி மாதிரியில் மிகப் பெரிய ஐயம் தங்கியிருப்பது கதிர்களைப் பின்தொடரும் கணிதத்திலன்று. பூச்சு எத்தகையது, கூடியோர் எத்தனை பேர் என்னும் வரலாற்று வினாக்களிலேயே அது தங்கியுள்ளது. கோட்டைத் தேவாலயத்திலே படையினரும் கம்பனி உத்தியோகத்தரும் அவர்தம் குடும்பத்தினரும் கூடினர். ஊர் மக்களுக்கெனக் கிராமங்களிலே வேறு தேவாலயங்கள் இருந்தன. 1658 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பிலிப்பஸ் பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை முதலிய ஊர்த் தேவாலயங்களின் செதுக்குப் படங்கள் இடம்பெற்றன. அவை அரிய சான்றுகள். எனினும் ஐரோப்பியச் செதுக்குநர் கைப்பட்டவை. முகப்பின் தோற்றத்தைக் காட்டும் படம் கூரை கிடுகா ஓடா என்பதை ஓரளவு காட்டலாம். சாந்தின் நுண்துளையை எவ்வாறு காட்டும்?

இங்குதான் ஒப்பீட்டு முறை கைகொடுக்கின்றது. கொழும்பின் வுல்பெண்டால் தேவாலயம் 1757இல் ஒல்லாந்தராற் கட்டி முடிக்கப்பட்டது, அதுவும் சிலுவை வடிவினது, இன்றும் நிற்கின்றது. குடாநாட்டுக்குள்ளேயே, ஒல்லாந்தர் காலத்திலே புதுக்கப்பட்டுப் பின்னர் அமெரிக்க மிசனின் கைக்கு வந்த வட்டுக்கோட்டைத் தேவாலயம் தன் தடித்த சுவர்களுடன் நிற்கின்றது. நிற்கும் கட்டடத்திலே ஒலியை அளந்து, அதன் மாதிரி அளவீட்டுடன் ஒத்துவரும் வரை குணகங்களைத் திருத்தி, அவ்வாறு பெற்ற குணகங்களை அழிந்த கட்டடத்தின் மாதிரியில் இடுவதே நேர்மையான வழி. முருகைக்கல், சுண்ணாம்புச் சாந்து, பனை வளை, சிலாகை, கிடுகு ஆகிய எமது கட்டடப் பொருள்கள், கொங்கிறீற்றையும் கம்பளத்தையும் மனங்கொண்டு ஆக்கப்பட்ட மேனாட்டு அட்டவணைகளிலே பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அட்டவணையில் அருகில் உள்ள ஒன்றை எடுத்து இட்டுவிடுதல் மொழிபெயர்ப்புப் பிழையை ஒத்த வரலாற்றுப் பிழையாகும்.

வெனிசின் லா பெனிச்சே அரங்கு 1996 சனவரியிலே தீக்கிரையாவதற்குச் சில காலத்துக்கு முன்னரே அதன் ஒலி அளக்கப்பட்டிருந்தது. பாரிசின் நோத்ர தாம் பேராலயத்தில் 2013இல் அளவீடுகள் எடுக்கப்பட்டு அவற்றைக் கொண்டு மாதிரியும் திருத்தப்பட்டிருந்தது. 2019 ஏப்பிரிலில் அது எரிந்தபோது இழந்த ஓசையின் பதிவு ஆய்வாளர் கையில் இருந்தது. எமது நிலை வேறு. 1981 யூன் முதலாந் திகதியை ஒட்டிய இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுட் சிலவற்றின் வேறு படிகளையேனும் உலகில் எங்கோ தேடலாம். அளக்கப்படாது அழிந்த மண்டபத்தின் ஓசைக்கு வேறு படி இல்லை.

5. கேட்டவர் எங்கே நின்றனர்?

கணினி மாதிரி எதுவும் இரு புள்ளிகளைக் குறிக்காமல் இயங்காது. ஒலிமூலம் எங்கே, கேட்பவர் எங்கே என்பனவே அவை. நிரலைப் பொறுத்தவரையில் இவை வெறும் ஆயங்கள். யாழ்ப்பாணச் சமூக வரலாற்றைப் பொறுத்தவரையில் இவை ஆழ்ந்த அரசியல் வினாக்கள்.

ஒரு சைவக் கோயிலின் மகாமண்டபத்தை மாதிரியாக்குவதாகக் கொள்வோம். குருக்களின் மந்திரம் மூலத்தானத்திலிருந்தும், ஓதுவாரின் திருமுறை மண்டபத்திலிருந்தும், நாதசுரமும் தவிலும் தமக்கென வகுக்கப்பட்ட இடத்திலிருந்தும் எழுகின்றன. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி போன்ற தவில் மேதைகளை ஈன்ற இம்மண்ணின் இசை, கச்சேரி மேடையிலன்றிக் கோயில் வீதியிலும் மண்டபத்திலுமே வளர்ந்தது என்பது மறத்தற்கரியது. கேட்பவர் மண்டபத்தின் நடுவே நிற்பதாக ஆய்வாளர் இயல்பாகவே புள்ளியிடுவார். ஆனால் அந்நடுவிடத்தில் நிற்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் குடாநாட்டின் கோயில்கள் பலவற்றின் கதவுகள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மூடியே இருந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலிலே தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தினர் முன்னெடுத்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அடித்து நொறுக்க முனைந்தது அக்கதவையே.

மதிலுக்கு வெளியே நின்றவர் கேட்டது என்ன? தவிலின் தாழ்ந்த முழக்கம் மதிலின் உச்சியை வளைந்து கடந்து அவரை அடைந்திருக்கும். நாதசுரத்தின் உயர்ந்த சுரங்கள் தேய்ந்து அடைந்திருக்கும். மந்திரத்தின் சொற்கள் அடைந்திருக்க வழியில்லை. இவ்வேறுபாட்டை உண்டாக்குவது மேலே கூறிய கோணல் என்னும் இயல்பே. இன்றைய நிரல்களுட் பெரும்பாலானவை போதியவாறு கணிக்கத் தவறுவதும் அதனையே. ஆகவே மண்டபத்தின் நடுவே நின்ற உரிமையுள்ளவரின் செவியைக் கணினி ஓரளவு நன்றாகவே மீட்டுத் தருகின்றது. மதிலுக்கு அப்பால் நிறுத்தப்பட்டவரின் செவியிலேதான் அது மிகுதியும் தவறுகின்றது. இது நிரலை ஆக்கியோரின் கெடுநோக்கால் விளைந்ததன்று. மூடிய மண்டபத்துள் இருக்கும் கேட்போரையே இத்துறை தொடக்கம் முதல் தன் அளவுகோலாகக் கொண்டது. ஆயினும் வரலாற்றாசிரியர் இதனைக் கவனியாது விடின், ஏடுகளிலிருந்து விலக்கப்பட்டோர் ஓசை வரலாற்றிலிருந்தும் விலக்கப்படுவர்.

கூத்தும் இவ்வாறே. பாசையூர், குருநகர் போன்ற கரையோர ஊர்களின் கத்தோலிக்கக் கூத்துகளும் ஏனைய நாட்டுக்கூத்துகளும் திறந்தவெளியில் விடியும்வரை ஆடப்பட்டவை. தெறித்துத் துணைபுரியும் சுவர் அங்கு இல்லை. உச்சக் குரலும், பிற்பாட்டும், மத்தளமுமே சுவரின் பணியைச் செய்தன. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றைச் சட்டக மேடைக்குக் கொண்டுவந்தபோது கூத்தின் கால அளவு சுருங்கியது மட்டுமன்றி, அதன் ஒலிச் சூழலும் அடியோடு மாறிற்று. மூடிய அரங்குக்கென ஆக்கப்பட்ட கணினி மாதிரியை அளவுகோலாகக் கொண்டு திறந்தவெளிக் கலையை மதிப்பிட்டால், அக்கலையின் உச்சக் குரல் வெறும் கூச்சலாகவே தோன்றும்.

6. எதிர்வுகூறலும் மீட்டுருவாக்கமும்

புதிய மண்டபத்தைக் கட்டுவோருக்கும் அழிந்த மண்டபத்தை ஆராய்வோருக்கும் கணினி ஒரே கருவியாயினும் அவர்களது நிலை ஒன்றன்று. இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2023 பெப்புருவரியிலே கையளிக்கப்பட்ட யாழ்ப்பாணக் கலாசார மத்திய நிலையத்தின் 600 இருக்கைகள் கொண்ட அரங்கு போன்றதொன்றைத் திட்டமிடுவோர் எதிர்வுகூறுகின்றனர். அவர்கள் கூற்று சரியா தவறா என்பது திறப்பு நாளிலேயே தெரிந்துவிடும். நியூயோர்க் மண்டபத்தைப்போல அதனைத் திருத்தவும் முடியும். அழிந்த தேவாலயத்தை மாதிரியாக்குவோருக்குத் திறப்பு நாள் என ஒன்று இல்லை. அவர்களது தவறு ஒருபோதும் தானாக வெளிப்படாது. செவிக்கு இனிதாக ஒலித்து உண்மையென நிலைபெற்றுவிடும். சுவடிப் பதிப்பாசிரியர் சிதைந்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்பி அதனைக் குறியாது விடுதல் எத்தகைய குற்றமோ, அதற்கு ஒப்பான குற்றம் இங்கும் நிகழக்கூடும்.

ஆகவே இத்துறையிற் புகுவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். மாதிரிக்கு ஊட்டிய ஒவ்வோர் எண்ணும் அளந்து பெற்றதா, ஒத்த கட்டடத்திலிருந்து பெறப்பட்டதா, ஊகமா என்பது வெளிப்படையாகக் கூறப்படல் வேண்டும். ஒரேயோர் ஓசையை ‘இதுவே அன்றைய ஓசை’ என வழங்காது, ஐயத்துக்குரிய குணகங்களின் இரு எல்லைகளுக்கும் உரிய ஓசைகளை அருகருகே வழங்கல் வேண்டும். மண்டபம் வெறுமையாயிருந்த நிலையும் மக்கள் நிறைந்த நிலையும் வேறுவேறாகக் கணிக்கப்படல் வேண்டும். கேட்போரின் புள்ளிகள் கட்டடத்தின் சமச்சீரை நோக்கியன்றிச் சமூகத்தின் உண்மை நிலையை நோக்கி இடப்படல் வேண்டும். மதிலுக்கு வெளியே ஒரு புள்ளியேனும் இருத்தல் வேண்டும். அப்புள்ளிக்குக் கதிர் முறை போதாதெனின் அலைச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறைகளை நாடுதல் வேண்டும்.

இவை யாவற்றுக்கும் முற்பட்ட பணி, நிற்பவற்றை அளத்தலாகும். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. மீடிறன் படிப்படியாக உயரும் ஒரு சோதனை ஒலியை ஒலிபெருக்கியினால் எழுப்பி, நல்லதோர் ஒலிவாங்கியினாற் பதிவுசெய்து, மண்டபத்தின் மறுமொழியைக் கணினியாற் பிரித்தெடுக்கலாம். வசதி குறைந்த இடத்திற் பலூன் ஒன்றை வெடிக்கச் செய்தும் ஓரளவு பயனுள்ள பதிவைப் பெறலாம். வெற்றுத்தோட்டாவைச் சுட்டு அளக்கும் பழைய முறை ஒன்றும் உண்டு. போரின் ஒலியை மறவாத ஊர்களில் அதனைத் தவிர்ப்பதே மனிதப் பண்பு. பௌதிகவியல் மாணவரும், இசை, நாடகத் துறைகளின் மாணவரும், வரலாற்று மாணவரும் இணைந்து ஒரு விடுமுறைக் காலத்தில் வட்டுக்கோட்டைத் தேவாலயத்தையும், ஊர்க் கோயில் மண்டபங்கள் சிலவற்றையும், வீரசிங்கம் மண்டபம், பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கு ஆகியவற்றையும் அளந்துவிடலாம். ஒவ்வோர் அளவீட்டுடனும் நாள், வெப்பநிலை, ஈரப்பதன், கூடியிருந்தோர் தொகை, ஒலியும் செவியும் இருந்த இடங்கள் ஆகியன குறிக்கப்படல் வேண்டும். கோயில் மண்டபங்களிலே அந்தந்த ஊரின் முதியோரை அழைத்து, தாமும் தம் பெற்றோரும் எங்கே நின்று கேட்டனர் என வினவிப் பதிதலும் அவ்வளவீட்டின் பகுதியே. அத்தகவல் எந்த வரைபடத்திலும் இல்லை.

பழைய கோயில் மண்டபங்கள் பல இடிக்கப்பட்டுக் கொங்கிறீற்றாற் புதுக்கப்படும் காலம் இது. ஓட்டுக் கூரை தட்டுக் கூரையாகவும், சாந்துச் சுவர் ஓடு பதித்த சுவராகவும் மாறும்போது மண்டபத்தின் குரல் மாறிவிடுகின்றது. திருப்பணி தொடங்குவதற்கு முந்திய வாரத்தில் எடுக்கப்படும் ஓர் அளவீடு, பின்னர் ஆக்கப்படக்கூடிய எந்தக் கணினி மாதிரியைவிடவும் பெறுமதி வாய்ந்தது. அவ்வளவீட்டை ஊர்தோறும் எடுத்துப் பொதுக் காப்பகமொன்றிற் சேர்க்கும் வேலையை எம் பல்கலைக்கழகமும் தமிழ்ச் சங்கங்களும் இவ்வாண்டிலேயே தொடங்கல் வேண்டும்.